ஓட்டாமல் வாங்கிய கூலி

அன்புள்ள ஐயா,

இத்தாலிய சைக்கிள் வீரர் ஆல்ஃபிரெதோ பிந்தாவைப் பற்றிய உங்கள் கட்டுரையில், 1930ல் ஜிரோ என்ற, இத்தாலியைச் சுற்றிப் பல நாள் நடக்கும் சைக்கிள் பந்தயத்தில் கலந்துகொள்ளாமல் இருக்க அவர் பணம் வாங்கினார் என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். பணம் வாங்கிக்கொண்டு தோற்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அவரைப் பெரிய வீரர் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

கே.

அன்புள்ள கே.,

வேறுபாடு உண்டு. தோற்பதற்குப் பணம் வாங்குகிறவன் சாலையோரம் நிற்பவர்களை ஏமாற்றுகிறான். பிந்தா வரமாட்டார் என்பது ஊருக்கே தெரியும்.

ஜிரோவை நடத்தியது ஒரு பத்திரிகை. பந்தயம் நடந்தால் பத்திரிகை விற்கும். யார் ஜெயிப்பார் என்று முதல் நாளே தெரிந்துவிட்டால் விற்காது. பிந்தா 1925, 27, 28, 29 என நான்கு முறை வென்றிருந்தார். ஒரு நாள் ஓட்டம் ஒரு கட்டம்; 1927ல் 15 கட்டங்களில் 12 அவருடையவை. 1929ல் தொடர்ந்து எட்டு. வேறு வழியில்லாமல் 22,500 லிரா கொடுத்தார்கள், முதல் பரிசுக்கு ஈடான தொகை.

அவர் எங்கிருந்து வந்தார் என்பதையும் பாருங்கள். சுவருக்குச் சாந்து பூசும் தொழிலாளி. பிழைப்புக்காகப் பிரான்சின் நீஸ் நகரத்துக்குப் போனவர். 1924ல் இத்தாலியின் லொம்பார்தியா என்ற ஒருநாள் பந்தயத்துக்கு அவர் வந்ததே கிசல்லோ மேட்டை முதலில் ஏறுபவருக்கு 500 லிரா என்றதால்தான். சரளைச் சாலை. கியர் மாற்ற வேண்டுமானால் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்ட வேண்டிய காலம். அந்த 500 லிராவை வாங்கினார், பந்தயத்தில் நான்காவதாக வந்தார், லெஞானோ என்ற சைக்கிள் நிறுவனம் அவரைத் தன் அணியில் எடுத்துக்கொண்டது. கால் வலிக்கு என்ன கூலி என்று கணக்குப் பார்த்தே வளர்ந்த மனிதர். உட்கார்ந்திருக்கவும் அதே கூலி என்றால் வேண்டாம் என்பாரா? நானாக இருந்தால் சொல்லமாட்டேன்.

உண்மையில் எனக்கு உறுத்துவது வேறு. அந்த ஆண்டு வென்ற லுயிஜி மார்கீசியோ, 21 வயதுப் பையன், பிந்தாவின் லெஞானோ அணியையே சேர்ந்தவன். மூன்று வாரம் உயிரைக் கொடுத்து மிதித்தான். இன்று அவன் பெயர் வரும்போதெல்லாம் பிந்தா இல்லாத ஆண்டு என்ற வாலும் கூடவே வருகிறது. நியாயம் கேட்பதானால் அவனுக்காகக் கேட்க வேண்டும்.

பிந்தாவும் அந்த ஆண்டு வீட்டில் இருந்துவிடவில்லை. ஜூலையில் பிரான்சைச் சுற்றும் டூர் தெ பிரான்ஸ் பந்தயத்துக்குப் போய், பிரனீஸ் மலைப் பக்கம் பாவ், லுஷோன் ஊர்களில் முடிந்த இரண்டு கட்டங்களையும் அடுத்தடுத்து வென்றார். அடுத்த கட்டத்திலேயே விலகிவிட்டார். கோடை முடிவதற்குள் பெல்ஜியத்தின் லியேஜில் உலகச் சாம்பியன் பட்டம், இரண்டாம் முறையாக.