கிரே எழுதினார், வரைந்தது யார்? உடற்கூறியல் கேள்வி பதில்

கே: பிணம் திருடித்தான் கிரே புத்தகம் எழுதினாராமே, கொலைகூட நடந்ததாமே?

ப: அது எடின்பரோ கதை. 1828இல் கொலை செய்த உடல்களை வாங்கியவர் அங்கிருந்த உடற்கூறியல் ஆசிரியர் ராபர்ட் நாக்ஸ். 'கிரேஸ் அனாட்டமி' என்ற உடற்கூறியல் பாடநூலை எழுதிய ஹென்றி கிரே லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனைக்காரர். 1832 உடற்கூறியல் சட்டம் வந்தபிறகு, ஏழைகள் விடுதியில் இறந்து, கேட்க ஆளில்லாத உடல்கள் சட்டப்படியே மாணவர்கள் அறுத்துப் படிக்கும் கூடத்துக்குப் போயின. திருட்டு இல்லை. ஆனால் அந்த ஏழைகளிடம் யாரும் சம்மதம் கேட்கவும் இல்லை.

கே: படங்கள் கிரே வரைந்ததா?

ப: இல்லை. ஹென்றி வாண்டைக் கார்ட்டர். அச்சுக்கட்டையிலேயே இடம் வலம் மாற்றி வரைந்தவர். உறுப்பின் பெயரை உறுப்பின் மேலேயே எழுதியதால் மாணவனுக்கு அடிக்குறிப்பைத் தேடும் வேலை மிச்சம். 1858இல் புத்தகம் வந்தபோது விற்றுத் தீர்ந்ததற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பேன்.

கே: பழைய பதிப்பு இலவசமாகக் கிடைக்கிறது. தேர்வுக்குப் படிக்கலாமா சார்?

ப: கூடாது தம்பி. பெயர்கள் மாறிவிட்டன, நுண்ணமைப்பு அறிவு எங்கேயோ முன்னேறிப் போய்விட்டது. படம் பார்த்து ரசியுங்கள், அவ்வளவுதான்.

கே: கார்ட்டர் வரைந்தும் கிரே பெயர்தான் நின்றது. கிரே கார்ட்டரை ஏமாற்றினார் என்கிறீர்களா? அந்தக் காலத்தில் ஓவியருக்கு மதிப்பு அவ்வளவுதானே?

ப: கார்ட்டர் கூலி ஓவியர் இல்லை ஐயா, மருத்துவர்; கத்தி பிடித்துக் கூடவே அறுத்தவர். அவருக்கு ஒரே தடவை 150 பவுண்டு. கிரேக்கு ஆயிரம் பிரதிக்கு 150 பவுண்டு வீதம். அதையாவது ஒப்பந்தம் என்று விடலாம். முகப்புப் பக்கம் மெய்ப்புக்கு வந்தபோது கிரே, கார்ட்டர் பெயரைச் சிறிதாக்கி, பம்பாயில் அவருக்குக் கிடைத்த பேராசிரியர் பதவியையும் அடித்தாரே, அதை எந்தக் காலத்து வழக்கத்தில் சேர்ப்பது?

கே: எழுதியவர் பெயர்தானே பெரிதாக இருக்கும்? நீங்கள் கார்ட்டர் பக்கம் சாய்கிறீர்கள்.

ப: சாய்கிறேன். மறைக்கவில்லை. கிரேயின் மண்ணீரல் கட்டுரைக்கும் கார்ட்டர்தான் வரைந்தார். 1853இல் 300 கினி (அந்தக் கால ஆங்கிலேயப் பணம்) பரிசு வாங்கிய அந்த நூலில் அவருக்கு ஒரு நன்றிகூட இல்லை. ஒரு தடவை என்றால் மறதி. மறுபடியும் என்றால்?

கே: இதே பெயரில் வந்த டிவி சீரியல்...

ப: பார்க்கவில்லை. அடுத்தவர்.

கே: கார்ட்டர் பிறகு என்ன ஆனார்?

ப: பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரி. நம் மதுரையின் பெயரால் 'மதுரைக் கால்' என்று 1840களிலேயே மருத்துவர்கள் குறித்த நோய், பூஞ்சையால் வருவது என்று நிறுவியவர் அவரே. வெறுங்காலோடு வயலில் நிற்பவரின் முள் குத்திய புண்ணில் தொடங்கும், வருடக்கணக்கில் வீங்கி எலும்புவரை அரிக்கும். 1874இல் அதற்கென்றே தனிநூல் எழுதினார். கிரே 1861இலேயே பெரியம்மையில் போய்விட்டார். கார்ட்டர் 1897வரை இருந்தார்.

கே: சார், அந்த இலவசப் பதிப்பைப் படித்தால்...

ப: மேலே சொல்லிவிட்டேன்.