சோளகத்தில் பெந்தோட்டைக்குப் போகலாமா?

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் என் அக்கா பல வருடங்களுக்குப் பிறகு குடும்பத்தோடு வருகிறா. யூலை 20 வந்து ஓகஸ்ட் 16 திரும்புவார்கள். பிள்ளைகளுக்கு 12, 8 வயது, இரண்டு பேரும் கடல், கடல் என்று நிற்கிறார்கள். அத்தான் இணையத்தில் படம் பார்த்துப் பெந்தோட்டையில் ஐந்து நாளுக்கு ஹோட்டல் எடுக்கப் போகிறாராம், எங்களையும் வரச் சொல்கிறார். நாங்கள் அந்தப் பக்கம் போனதே இல்லை. என்ன சொல்வது?
வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: தங்கச்சி, முதல் வேலையாக இன்றைக்கே அத்தானுக்குச் சொல்லுங்கள், காசு கட்ட வேண்டாம் என்று. பெந்தோட்டை நல்ல இடம்தான், ஆனால் டிசெம்பரில் இருந்து மார்ச் வரைக்கும். யூலையில் அங்கே தென்மேல் பருவக்காற்று, நாங்கள் சோளகம் என்று சொல்கிற அதே காற்று, கடலைத் தூக்கி நேரே கரையில் அடிக்கும். என் சித்தப்பாவின் மகள் குடும்பம் இப்படித்தான் ஒரு ஓகஸ்டில் தெற்குக் கரைக்குப் போய், ஐந்து நாளும் சிவப்புக் கொடியைப் பார்த்துக்கொண்டு அறைக்குள் இருந்துவிட்டு வந்தது. காசைத் திருப்பித் தர முடியாது என்று ஹோட்டலில் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் நீச்சல் தடாகத்தில்தான் குளித்தார்கள். "இது எங்கட ஊரிலயும் இருக்குத்தானே அம்மா" என்று சின்னவன் கேட்டதை அவள் இன்றைக்கும் சொல்லிக் கவலைப்படுவாள்.

முதலில் திகதி, பிறகு காற்று, அதற்குப் பிறகுதான் இடம். எங்களுக்கு இதைச் சொல்லித்தர யாரும் தேவையில்லை. நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் அந்த மாதங்களில் கொக்கிளாய், நாயாறு கரைகளில் வந்து ஏன் வாடி, அதுதான் தங்கித் தொழில் செய்கிற குடிசை, போடுகிறார்கள்? (அதில் எங்கள் மீனவர்களுக்கு இருக்கும் மனத்தாங்கல் பெரிய கதை, இந்தப் பதிலுக்குள் அடங்காது.) அவர்களுடைய கடல் குமுறுகிற நேரம் எங்கள் கடல் படுத்திருக்கும். சோளகம் நிலத்துக்கு மேலால் வந்து கிழக்குக் கரையில் கடலுக்குள் இறங்குவதால் கரையில் அலை பெரிதாக எழும்பாது. ஆகவே திருகோணமலைக்குப் போங்கள். நிலாவெளி, உப்புவெளி இரண்டில் எதுவும் சரி, மூன்று இரவு போதும். புதுக்குடியிருப்பில் இருந்து ஒட்டுசுட்டான், மாங்குளம் வந்து ஏ9 ஏறி வவுனியா, பிறகு ஹொரவப்பொத்தானை வழி. வவுனியாவில் இருந்து மட்டும் ஏறத்தாழ 100 கிலோமீற்றர்.

நிலாவெளியில் நின்றால் புறாமலையை விட வேண்டாம். கரைக்கு எதிரே தெரிகிற சின்னத் தீவுதான், 2003இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் முகத்தைக் கவிழ்த்தால் போதும், கிளிமீன் பவளப்பாறையைக் கொறிக்கிற சத்தமே காதில் கேட்கும், நறுக் நறுக் என்று. செட்டை நுனி கறுத்த சின்னச் சுறாக்களும் ஓடும், பயப்படாதீர்கள், அவை தங்கள்பாட்டில் விலகிப் போய்விடும். ஆனால் பிள்ளைகளுக்குப் படகில் வைத்தே கண்டிப்பாகச் சொல்லுங்கள்: பவளப்பாறையில் கால் வைக்கக் கூடாது, ஒரு துண்டும் எடுக்கக் கூடாது. அது உயிர். ஏற்கனவே நிறையச் செத்துப்போய்விட்டது, கால் பட்டு உடைந்தால் எங்கள் ஆயுளில் திரும்பி வளராது. காலையிலேயே போய்விடுங்கள், நேரம் போகப் போகக் கூட்டமும் வெயிலும் ஏறும். நுழைவுச் சீட்டு வெளிநாட்டவருக்குப் பல மடங்கு கூட, அத்தானிடம் முதலே சொல்லிவையுங்கள், அங்கே நின்று முகம் சுளிக்காமல். அக்காவிடம் இரட்டைக் குடியுரிமை இருந்தால் அடையாள அட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கோணேசர் கோயிலுக்குப் போகும்போது கோட்டைக்குள் மான்கள் நிற்கும், எட்டு வயதுக்கு அது போதும். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் ஒவ்வொரு சூடு, வாளியால் அள்ளிக் குளிக்கலாம்.

இன்னும் இரண்டு நாள் இருந்தால் பாசிக்குடா. வெகுதூரம் நடந்து போனாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாத இடம் அது.

சரி, முதல் வாரம் எங்கும் கூட்டிக்கொண்டு ஓடாதீர்கள். வெயிலுக்கும் நித்திரைக்கும் உடம்பு பழக வேண்டும். ஒரு காலை, விடியும்போதே முல்லைத்தீவுக் கரைக்குக் கூட்டிப் போங்கள், கரைவலை இழுக்கிற நேரத்துக்கு. இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று கயிற்றை இழுத்து இழுத்துப் பின்னால் நடப்பதையும், கடைசியில் வலையின் மடி கரைக்கு வரும்போது சாளையும் சூடையும் வெள்ளியாகத் துள்ளுவதையும் அந்தப் பிள்ளைகள் எந்த ஹோட்டலிலும் காணப்போவதில்லை. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் கேட்டால் கயிற்றில் கை வைக்க விடுவார். குளிப்பதென்றால் அவரையே கேளுங்கள், அன்றைக்கு எந்த இடத்தில் இறங்கலாம் என்று. கடல் படுத்திருந்தாலும் அடியில் நீரோட்டம் இருக்கும், அது பார்வைக்குத் தெரியாது.

இன்னொன்று. அக்கா 2009க்கு முன்னரே போனவவா, பிறகு போனவவா என்று நீங்கள் எழுதவில்லை. எப்படியானாலும் வட்டுவாகல் பாலம், நந்திக்கடல், முள்ளிவாய்க்கால் பக்கம் போவதற்கு ஒரு நாளைத் தனியாக வையுங்கள். கடல் குளித்துவிட்டு வரும் வழியில் ஈர உடுப்போடு இறங்கிப் பார்க்கிற இடம் அல்ல அது. பிள்ளைகளுக்கு எவ்வளவு சொல்வது என்பதை அக்கா தீர்மானிக்கட்டும், ஆனால் அவ அழுதால் அழட்டும், உடனே வாகனத்தில் ஏற்ற அவசரப்படாதீர்கள்.

ஓகஸ்ட் 15 மடுத் திருவிழா. அந்த நாட்களில் ஏ9 வீதி நிறைய வாகனம் இருக்கும், 16 விமானம் என்றால் 14ஆம் திகதியே கட்டுநாயக்கா பக்கம் இறங்கிவிடுங்கள்.

கேள்வி: லண்டனில் இருந்து மச்சான் குடும்பம் டிசெம்பர் கடைசியில் வருகிறது. அவர்களுக்கும் திருகோணமலைதானா?
வாசகர், முருங்கன்

பதில்: இல்லை, இது அப்படியே மறுபக்கம். அப்போது வாடைக்காற்று, எங்கள் குளங்கள் வான் பாய்கிற காலம், கிழக்குக் கடல் கொந்தளிக்கும். அத்தானுக்கு வேண்டாம் என்ற பெந்தோட்டை உங்கள் மச்சானுக்குப் பொருந்தும். இன்னும் தெற்கே உணவட்டுன, மிரிஸ்ஸ. மிரிஸ்ஸவில் அந்த மாதங்களில் திமிங்கிலம் பார்க்கப் படகு போகும். திரும்பி வந்ததும் வங்காலைப் பக்கம் கூட்டிப் போங்கள், பூநாரை வந்திருந்தால் அவர்கள் கமெராவைக் கீழே வைக்க மாட்டார்கள்.

கேள்வி: வெளிநாட்டில் இருந்து வரும் உறவினருக்காக கே.டி.எச். வான் பிடிக்கப்போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்? விசாவும் நாங்கள்தான் எடுக்க வேண்டுமா?
வாசகர், கிளிநொச்சி

பதில்: விசாவை வருகிறவர்களே புறப்படும் முன் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் சொந்த இணையத்தளத்தில் விண்ணப்பிக்கட்டும். தேடினால் அதைப்போலவே தோற்றமுள்ள வேறு தளங்கள் முதலில் வந்து கூடுதல் காசு பிடுங்கும், கவனம்.

வானுக்கு ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீற்றர், அதற்கு மேலே கிலோமீற்றருக்கு எவ்வளவு, சாரதியின் சாப்பாடும் படுக்கையும் யார் பொறுப்பு, இதையெல்லாம் முற்பணம் கொடுக்க முதலே பேசுங்கள். சாரதி தம்பியை வானுக்குள் படுக்க விடாதீர்கள், நித்திரை இல்லாதவரின் கையில்தான் அடுத்த நாள் உங்கள் பிள்ளைகள். கட்டுநாயக்காவில் விமானம் இரவில் இறங்கினாலும் அங்கேயே ஒரு அறை எடுத்துத் தங்கிவிட்டு விடியப் புறப்படுங்கள். ஓமந்தை தாண்டினால் இருட்டில் மாடுகள் வீதியிலேயே படுத்திருக்கும், லைற் வெளிச்சத்தில் கறுப்பு மாடு கடைசி நிமிடம் வரைக்கும் தெரியாது.