சேற்றில் டிராக்டரின் இடது பின்சக்கரம் மட்டும் சுற்றினால்
இடது சக்கரம் சுற்றும்போதே டிஃபரன்ஷியல் லாக்கை (இரண்டு பின்சக்கரங்களையும் ஒன்றாகச் சுற்ற வைக்கும் பெடல்) மிதிக்காதீர்கள், உள்ளே பல் உடையலாம். கிளட்சை மிதித்து, சக்கரம் நின்றதும் லாக் போட்டு, லோ கியரில் நேராக எடுங்கள். ஸ்டீயரிங்கை ஒடிக்க வேண்டாம்.

இன்ஜின் விசையைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல், லாக் போடாதபோது இரண்டு பக்கமும் ஒரே அளவு விசைதான் தரும். சேற்றில் இடதுக்குப் பிடி இல்லை. அதனால் வரப்போரம் கெட்டி மண்ணில் நிற்கும் வலதுக்கும் அதே சொற்ப விசைதான்.

லாக் போட்டும் இடது மட்டுமே சுற்றுகிறதா? அப்படியானால் லாக் விழவில்லை. பெடல் கம்பியில் சேறு அடைத்திருக்கிறதா பாருங்கள். அதுவரை இடது, வலது பிரேக் பெடல்களை இணைக்கும் கொக்கியை விலக்கி, இடது பிரேக்கை மட்டும் லேசாக அழுத்துங்கள். நிற்கிற பக்கம் அல்ல, சுற்றுகிற பக்கம்!

முன்சக்கரம் தூக்கினால் உடனே கிளட்ச். அப்புறம், ரோட்டில் ஏறும் முன் கொக்கியைக் கட்டாயம் மாட்டுங்கள். வேகத்தில் ஒற்றைப் பிரேக் வண்டியையே கவிழ்த்துவிடும்.