பழைய ஹைலக்ஸ் பிக்கப்புக்கு எந்த டைமிங் செயின் செட் வாங்குவது?

கேள்வி: ஓமானில் பர்கா பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை பார்க்கிறேன். தோட்டத்து வண்டி 1993 ஹைலக்ஸ் பிக்கப், 22ஆர் பெட்ரோல் எஞ்சின். காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் முன்பக்கத்தில் மூன்று நான்கு விநாடி கடகடவென்று சத்தம் வருகிறது, பிறகு அடங்கிவிடுகிறது. மெக்கானிக் டைமிங் செயின் மாற்றச் சொல்கிறார். கடையில் மூன்று செட் காட்டினார்கள். விலை ஒன்றுக்கு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று போகிறது. அர்பாப் (முதலாளி) "நீயே பார்த்து வாங்கு" என்று சொல்லிவிட்டார். எதை வாங்குவது? செயின் மட்டும் மாற்றினால் போதாதா?

பதில்: கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள் தம்பி. அடியில் இருக்கும் கிராங்கின் சுழற்சியை மேலே வால்வுகளை இயக்கும் கேமுக்குக் கொண்டுபோவதுதான் டைமிங் செயின். எஞ்சின் ஆறியிருக்கும்போது எஞ்சினின் மேல் மூடியான டேப்பெட் கவரைக் கழற்றி, அந்தச் செயின் கீழே இறங்கும் பள்ளத்துக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். டிரைவர் பக்கம் செயினை ஒட்டி நீளமாக ஒரு பட்டை நிற்க வேண்டும். அதுதான் செயினை ஆடாமல் தாங்கும் கைடு. அது அங்கே இல்லை என்றாலோ, நீளமான ஸ்க்ரூ டிரைவரால் தொட்டதும் ஆடினாலோ, அன்றோடு வண்டியை நிறுத்திவிடுங்கள். பேரீச்சம்பழ லோடு ஒரு நாள் தாமதமானால் ஒன்றும் ஆகாது.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 22ஆர் எஞ்சின் 1981-ல் வந்தது. 2,366 சிசி, இரும்பு பிளாக், அலுமினிய ஹெட். தொடக்கத்தில் இதற்கு இரட்டை வரிசைச் செயினும் உலோக முதுகு வைத்த கைடும் இருந்தன. 1982 வாக்கில் ஒற்றை வரிசைச் செயினுக்கு மாற்றினார்கள், கைடும் பிளாஸ்டிக்காகிவிட்டது. லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடியும் சலிக்காத இந்த எஞ்சினில் நம்பி விட முடியாத இடம் இது ஒன்றுதான். வருடக்கணக்காக எஞ்சின் சூட்டில் வெந்த பிளாஸ்டிக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும்.

செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் பிரஷரில்தான் வேலை செய்கிறது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது பிரஷர் ஏறும் வரை டென்ஷனருக்குப் பலம் கிடையாது. அந்த மூன்று நான்கு விநாடியில் செயின் சாட்டை போல வீசிக் கைடை அடிக்கிறது. நீங்கள் கேட்கும் சத்தம் அதுதான். தினமும் அடி வாங்கிய பிளாஸ்டிக் ஒருநாள் உடையும். கைடு உடைந்ததும் செயின், தன்னை முன்னால் மூடியிருக்கும் டைமிங் கவரின் உள் சுவரில் உரசத் தொடங்கும். கவர் அலுமினியம், செயின் இரும்பு. கவருக்குள்ளேயே ரேடியேட்டர் தண்ணீர் போகும் வழி இருக்கிறது. செயின் ரம்பம் போல அறுத்து அந்தச் சுவரை ஓட்டையாக்கினால் தண்ணீர் நேரே ஆயிலில் கலக்கும்.

மஸ்கட்டில் வாதி கபீர் பக்கம் ஒரு வொர்க்ஷாப்பில் நான் வேலை பார்த்த காலத்தில் இப்படி ஒரு பிக்கப் வந்தது. ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை இழுத்தால் பால் விட்ட டீ நிறத்தில் ஆயில். எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் சேம்பரை இறக்கியபோது கறுப்புப் பிளாஸ்டிக் துண்டுகள் ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைத்துக்கொண்டிருந்தன. கிராங்க் பேரிங் எல்லாம் செம்பு தெரியத் தேய்ந்துவிட்டது. செயின் செட்டோடு முடிந்திருக்க வேண்டிய செலவு முழு எஞ்சின் வேலையாகிவிட்டது. ஆறு மாதமாகச் சத்தம் கேட்கிறது, சூடானதும் அடங்கிவிடுகிறதே என்று விட்டுவிட்டேன் என்றார் அந்த டிரைவர்.

அதனால் செயின் மட்டும் மாற்றினால் போதாது. செயின் நீளுவது என்று நாம் சொல்வது, அதன் கண்ணிகளைக் கோக்கும் பின்களும் புஷ்களும் தேய்வதுதான். நீண்ட செயினில் பல காலம் ஓடிய ஸ்ப்ராக்கெட் (பல்சக்கரம்) பல்லும் அதற்கேற்பத் தேய்ந்திருக்கும். அதில் புதுச் செயினை மாட்டினால் புதுசும் சீக்கிரம் கெடும். இரண்டு ஸ்ப்ராக்கெட், செயின், டென்ஷனர், இரண்டு கைடு என ஆறும் சேர்ந்துதான் செட். ஒன்று குறைந்தாலும் வேண்டாம். (செயின் நீண்டால் வால்வு டைமிங் பின்தங்கும். இதில் ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரும் கேம் முனையிலிருந்தே சுழல்வதால் இக்னிஷனும் கூடவே பின்தங்கும். லோடு ஏற்றினால் வண்டி சோம்புகிறது என்றால் இதுவும் ஒரு காரணம்.)

இப்போது அந்த மூன்று செட்டுக்கு வருவோம். கடைக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு சின்னக் காந்தம் கொண்டு போங்கள். கைடின் முதுகில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு முதுகு. ஒட்டாமல் நழுவினால் பெரும்பாலும் பிளாஸ்டிக், பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி. பிளாஸ்டிக் கைடு உள்ள செட், விலை அதிகமானாலும் என் கையால் மாட்டமாட்டேன். கம்பெனி சாமான் என்பதற்காகப் பிளாஸ்டிக்கை வாங்க வேண்டியதில்லை. உடைந்ததே கம்பெனி மாட்டிய கைடுதானே.

காந்தம் ஒட்டியதோடு திருப்தி அடைந்துவிடாதீர்கள். இரும்பின் மேல் ஒட்டியிருக்கும் ரப்பர் முகத்தை ஓரத்தில் நகத்தால் நெம்பிப் பாருங்கள். மலிவான செட்டில் அது உரியும். உரிந்த ரப்பரும் சேம்பருக்குள்தான் போய் விழும். நன்றாக ஒட்டிய ரப்பரில் நகம் ஏறாது, ஓரம் ஒரே சீராக இருக்கும்.

அடுத்து செயின். ஜப்பானில் டிஐடி, சுபாகி ஆகியவை செயினுக்கே பேர் போன கம்பெனிகள். நல்ல செயினில் தயாரிப்பாளர் பெயரோ குறியோ தகட்டிலேயே பதிந்திருக்கும், டைமிங் வைப்பதற்கு நிறம் மாறிய பளிச்சென்ற கண்ணிகளும் இருக்கும். செயினைப் படுக்கை வாட்டில் ஒரு முனையைப் பிடித்து நீட்டுங்கள். புதுச் செயின் கொஞ்சம்தான் தொங்கும். தளர்ந்த கயிறு போல வளைந்தால் கீழே வைத்துவிடுங்கள். ஸ்ப்ராக்கெட்டில் பல் ஓரங்கள் ஒரே மாதிரி கடையப்பட்டிருக்க வேண்டும், பிசிர் இருக்கக் கூடாது.

எந்த எஞ்சினுக்கு என்பதைக் கடைக்காரரிடம் சரியாகச் சொல்லுங்கள். 1985 வாக்கில் இந்த எஞ்சினின் பிளாக் உயரமும் ஹெட்டும் மாறின. அதற்கு முந்தைய கவர் பிந்தைய எஞ்சினில் உட்காராது. முல்கியாவில் (வண்டியின் பதிவு அட்டையில்) 1993 என்று இருப்பதை மட்டும் நம்பாதீர்கள். தோட்டத்து வண்டிகளில் எஞ்சின் எத்தனை முறை மாறியதென்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. பிளாக்கின் பக்கவாட்டில் அடித்திருக்கும் எஞ்சின் நம்பரைத் துடைத்துப் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். முடிந்தால் பழைய செயினைக் கழற்றிய பிறகு அதையும் எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்குவது இன்னும் நல்லது.

கூடவே வாங்க வேண்டியவை: கவர் கேஸ்கட், கிராங்க் முன் ஆயில் சீல், ஆயில் பம்ப் ஓ ரிங், டேப்பெட் கவர் பேக்கிங், சேம்பருக்கு சிலிகான், ஆயில், ஃபில்டர், கூலன்ட். வாட்டர் பம்ப் அந்தக் கவரிலேயே இருப்பதால் பழசாக இருந்தால் சேர்த்தே மாற்றிவிடுங்கள், இரண்டாம் முறை கூலி மிச்சம். ஃபில்டரில் கஞ்சத்தனம் வேண்டாம். நல்ல ஃபில்டருக்குள் ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு இருக்கும். அது இல்லாத மலிவு ஃபில்டர் போட்டால் காலையில் பிரஷர் ஏற இன்னும் நேரமாகும், புதுச் செயினும் சத்தம் போடும்.

மெக்கானிக்கிடம் மூன்றே விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். கவரைக் கழற்றியதும் உள் சுவரை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். விரல் பதியுமளவு பள்ளம் இருந்தால் கவரையும் மாற்ற வேண்டும், வெல்டு அடித்து ஒப்பேற்றக் கூடாது. சேம்பரை இறக்காமல் வேலையை முடிக்க விடாதீர்கள், உடைந்த துண்டுகள் அங்கேதான் கிடக்கும். மூன்றாவது, ஹெட்டின் முன்பகுதியில் ஆயில் தேங்கும் பள்ளத்துக்குள் மறைந்து ஒரு போல்ட் இருக்கிறது. அதைக் கழற்றாமல் கவரை நெம்பினால் கவர் உடையும், ஹெட் கேஸ்கட்டும் கிழியும். தெரிந்தவர்தானா என்று பார்க்க, "அந்த ஆயிலுக்குள் இருக்கும் போல்ட் எது அண்ணே?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். உடனே கை காட்டினால் வண்டியை விடலாம்.

கேள்வி: என்னிடம் 1989 மாடல் இருக்கிறது. ஒற்றைச் செயினை எடுத்துவிட்டு இரட்டை வரிசைச் செயின் போட்டால் ஆயுசுக்கும் தொந்தரவு இல்லை என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: செய்யலாம், அதற்கென்றே கிட் விற்கிறார்கள். ஆனால் உங்கள் எஞ்சினுக்கென்று சொல்லி விற்கும் முழு கிட்டாக இருக்க வேண்டும். ஸ்ப்ராக்கெட், கைடு, டென்ஷனர் எல்லாமே அந்த அகலத்துக்கு ஏற்றதாக வேண்டும். பழைய எஞ்சின் ஒன்றிலிருந்து செயினையும் பல்சக்கரத்தையும் கழற்றி வந்து பொருத்துவது வேலைக்கு ஆகாது. என் அபிப்பிராயம் கேட்டால், கெட்டுப் போனது கைடுதான், செயினின் அகலம் குறைந்ததால் வந்த வினை அல்ல. இரும்பு முதுகு கைடோடு நல்ல ஒற்றைச் செயின் போட்டு, ஆயிலை நேரத்துக்கு மாற்றினால் தோட்ட வேலைக்கும் டவுன் ஓட்டத்துக்கும் அது தாராளம். மிச்சமாகும் பணத்தில் வாட்டர் பம்பையும் கவரையும் புதுசாகப் போடுங்கள்.

கேள்வி: டொயோட்டா என்று அச்சடித்த பெட்டியில் செட் வாங்கினேன். வீட்டில் வந்து திறந்தால் செயினில் எழுத்தே இல்லை, கைடும் பிளாஸ்டிக். கடைக்காரர் திருப்பி எடுக்க மறுக்கிறார். இதுவும் ஓமானில்தான்.

பதில்: முதல் காரியம், அதை வண்டியில் மாட்டிவிடாதீர்கள். ஒரு சொட்டு ஆயில் பட்டாலும் "உபயோகித்த சாமான்" என்பார்கள். பெட்டி, லேபிள், செயின், கைடு எல்லாவற்றையும் பில்லோடு சேர்த்துப் படம் எடுங்கள். பில்லில் கம்பெனி பெயரும் பார்ட் நம்பரும் எழுதியிருந்தால் உங்கள் கை ஓங்கும். வெறும் "டைமிங் செட்" என்று எழுதியிருந்தால் டொயோட்டா ஏஜென்சி கவுண்டரில் கொண்டு போய்க் காட்டி ஒரிஜினலா என்று கேளுங்கள். பிறகு கடைக்கு இன்னொரு முறை போய் நிதானமாகப் பேசிப் பாருங்கள். அப்போதும் மறுத்தால் ஓமானில் 2011 முதல் இயங்கும் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தில் புகார் கொடுங்கள். வெளிநாட்டுக்காரன் சொன்னால் எடுபடுமா என்று தயங்க வேண்டாம். அரபி எழுதத் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துச் செல்லுங்கள், பில்லின் அசலைக் கையை விட்டுக் கொடுக்காமல் நகலை மட்டும் கொடுங்கள்.