பெரிய கல்லூரி ஃபுட்பால் அணிகள் என்சிஏஏ-வை விட்டுப் பிரியலாமா?

கேள்வி: அமெரிக்காவில் பெரிய பல்கலைக்கழகங்களின் ஃபுட்பால் அணிகள் என்சிஏஏ-வை விட்டு விலகித் தனி அமைப்பு தொடங்க வேண்டும் என்கிறார்களே, அது சரியா?

கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், முதுகலை படிக்க வந்து சேர்ந்து, சனிக்கிழமை காலையில் ஊரே ஒரே நிறச் சட்டையில் திரிவதைக் கண்டு மிரண்டவர் போலத் தெரிகிறது. மிரள வேண்டியதுதான். மிச்சிகன் ஸ்டேடியத்தில் மட்டும் 1,07,601 பேர் உட்காரலாம். முதலில் ஒன்று: இது நம்ம ஊர்க் கால்பந்து இல்லை, முட்டைவடிவப் பந்தைக் கையில் அணைத்து ஓடும் ஆட்டம். தமிழ்ச் செய்திகளில் 'அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து' என்று எழுதிவிட்டு மெஸ்ஸி படம் போடுபவர்களுக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஆகவே ஃபுட்பால் என்றே எழுதுகிறேன். என்சிஏஏ என்பது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளுக்கு விதி வகுக்கும் சங்கம். கான்ஃபரன்ஸ் என்பது தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் பல்கலைக்கழகங்களின் கூட்டணி. பிக் டென், எஸ்இசி, பிக் 12, ஏசிசி என்ற நான்கும் அவற்றில் பெரியவை.

நேரடியாகச் சொன்னால், ஃபுட்பால் மட்டும் பிரியலாம், பல்கலைக்கழகங்கள் மொத்தமாகப் பிரியக்கூடாது. ஆட்டக்காரர்களோடு கூட்டு ஒப்பந்தம் போடாமல் பிரிந்தால் பெயர்ப்பலகை மட்டும்தான் மாறும், வழக்குகள் மாறாது. 'என்சிஏஏ ஒழியட்டும்' கோஷ்டியும் 'பாரம்பரியம் போச்சு' கோஷ்டியும் சண்டைக்கு வருமுன் கீழே உள்ளதையும் படித்துவிடுங்கள்.

பிரிவினை பற்றிப் பேசுகிறவர்கள் பலர், அது பாதி நடந்து முடிந்ததைக் கவனிப்பதில்லை. கூட்டுக் குடும்பத்தில் அடுப்பு எப்போதோ தனியாகிவிட்டது. தெருவாசல் மட்டும்தான் இன்னும் ஒன்று.

1984-க்கு முன் ஃபுட்பாலின் டிவி உரிமை என்சிஏஏ கையில் இருந்தது. இரண்டு ஆண்டுகளில் ஓர் அணி ஆறு முறைக்கு மேல் டிவியில் வரக்கூடாது, அதில் நாடு முழுதும் காட்டுவது நான்குக்கு மேல் போகக்கூடாது என்று ரேஷன் வைத்திருந்தார்கள். பெரிய பல்கலைக்கழகங்கள் 1977-லேயே காலேஜ் ஃபுட்பால் அசோசியேஷன் என்று தனிச் சங்கம் சேர்த்திருந்தன. ஓக்லஹாமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டன. 1984-ல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில், இந்த ரேஷன் ஷெர்மன் சட்டத்துக்கு, அதாவது ஏகபோகத் தடைச் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. அன்றிலிருந்து வழக்கமான சீசனின் டிவி பணத்தில் என்சிஏஏ-வுக்குப் பங்கு கிடையாது.

சாம்பியன் பட்டமும் அதன் கையில் இல்லை. ஃபுட்பாலின் மேல்தட்டான எஃப்பிஎஸ் பிரிவுக்கு என்சிஏஏ கோப்பை என்று ஒன்றே இல்லை. இப்போதுள்ள காலேஜ் ஃபுட்பால் பிளேஆஃபை நடத்துவது கான்ஃபரன்ஸ்களும், ஃபுட்பாலில் எந்தக் கான்ஃபரன்ஸிலும் சேராத நோட்ர டேம் பல்கலைக்கழகமும் சேர்ந்து வைத்திருக்கும் தனிக் கம்பெனி. 2024-ல் அதை 12 அணிகளாக்கினார்கள். ஈஎஸ்பிஎன் டிவி ஆறு ஆண்டுக்கு 780 கோடி டாலர் தருகிறது. 2026-லிருந்து அதில் பிக் டென்னுக்கும் எஸ்இசி-க்கும் தலா 29 சதவீத அளவு. மீதி எல்லோரும் மீதியைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

பிறகு என்சிஏஏ-விடம் என்ன இருக்கிறது? ஆட்ட விதிப்புத்தகம், யார் எத்தனை ஆண்டு ஆடலாம் என்ற தகுதி விதி, வாரம் 20 மணி நேரப் பயிற்சிக் கட்டுப்பாடு, ஊக்கமருந்துச் சோதனை, இன்ஷூரன்ஸ், எல்லாவற்றுக்கும் மேல் வழக்குச் செலவு. பிளேஆஃப் பணத்தில் ஒரு டாலர் வருவதில்லை, அடிவாங்குவது மட்டும் அதன் முதுகு. நைட் கமிஷன் என்ற சீர்திருத்தக் குழு 2020 டிசம்பரில் இதே கணக்கைத்தான் எடுத்து வைத்தது: எஃப்பிஎஸ் ஃபுட்பாலைத் தனி அமைப்பாக்குங்கள், பிளேஆஃப் பணத்தில் அது நடக்கட்டும், மற்ற விளையாட்டுகள் என்சிஏஏ-விலேயே இருக்கட்டும். இதுவரை வந்த யோசனைகளில் உருப்படியானது இதுதான் என்பது என் கணிப்பு.

மொத்தமாகப் போனால் என்ன கெடும்? கூடைப்பந்து. மார்ச் மாதம் நடக்கும் தேசியக் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டிதான் என்சிஏஏ-வின் சோற்றுப்பானை. 2032 வரை சிபிஎஸ்-டர்னர் டிவி கம்பெனிகளோடு இப்போது ஓடும் நீட்டிப்பு 880 கோடி டாலர். என்சிஏஏ-வின் ஆண்டு வருமானம் சுமார் 130 கோடி டாலர், அதில் பெரும் பங்கு இந்தப் போட்டியிலிருந்து வருகிறது. ஒரு அணி ஒரு சுற்று ஆடினால் அதன் கான்ஃபரன்ஸுக்கு ஒரு 'யூனிட்'. ஆறு ஆண்டுகளில் ஒரு யூனிட் ஏறக்குறைய 20 லட்சம் டாலர் ஆகிறது. நான்கு பெரிய கான்ஃபரன்ஸ்களும் நோட்ர டேமும் சேர்ந்த 68 பேரும் வெளியேறினால் இந்தப் போட்டியும் உடையும். பெயர் தெரியாத சின்னக் கல்லூரி பெரிய அணியைக் கவிழ்ப்பதைப் பார்க்கத்தானே சனம் டிவி முன்னால் உட்காருகிறது? அந்தச் சின்னவர்களை வெளியே தள்ளிவிட்டு அதே விலைக்கு விற்க முடியாது.

ஃபுட்பாலிலும் இந்தச் சங்கிலி உண்டு. பெரிய அணி தன் ஊரில் ஆட, சின்ன அணிக்குக் கட்டணம் கொடுத்துக் கூப்பிடும். 2007-ல் மிச்சிகன் 4 லட்சம் டாலர் கொடுத்து அப்பலாச்சியன் ஸ்டேட்டைக் கூப்பிட்டு 34-32 என்று தோற்றது. 2024-ல் நோட்ர டேம் சுமார் 14 லட்சம் கொடுத்து நார்தர்ன் இல்லினாய்ஸிடம் 16-14 தோற்றது. தோல்வி அபூர்வம், செக் நிச்சயம். சின்னக் கல்லூரியின் விளையாட்டுத் துறை பட்ஜெட்டில் அந்த செக் ஒரு தூண். பிரிந்த லீக் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொண்டால் அது விழும், அங்கே நீச்சல், டென்னிஸ் அணிகளை மூடுவார்கள்.

இனி, பிரிய நினைப்பவர்கள் எதில் இடறுவார்கள் என்று பார்க்கலாம்.

முதல் இடறல் ஏகபோகத் தடைச் சட்டம். என்சிஏஏ தோற்ற பெரிய வழக்குகள் எதுவும் அது 'என்சிஏஏ' என்பதால் தோற்கவில்லை. போட்டியாளர்கள் கூடிப் பேசி, டிவியில் இவ்வளவுதான், ஆட்டக்காரருக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வைத்ததால் தோற்றது. 2021-ல் ஆல்ஸ்டன் வழக்கில், ஆட்டக்காரருக்குத் தரும் கல்வி சார்ந்த சலுகைகளுக்கு வைத்த உச்சவரம்பு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 9-0 என்று ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது. நாளை 40 அணிகளோ 68 அணிகளோ சேர்ந்து 'சூப்பர் லீக்' ஆரம்பித்து அதே உச்சவரம்பை வைத்தால் அதே சட்டம் அவர்களையும் பிடிக்கும். இன்னும் சுலபமாகவே பிடிக்கும். ஆயிரத்துச் சொச்சம் கல்லூரிகள் உள்ள அமைப்பு 'நாங்கள் கல்விக்காக' என்று சொல்லலாம், பணக்காரர்கள் மட்டும் உள்ள லீக் எதைச் சொல்லும்?

தொழில்முறை லீக்கான என்எஃப்எல் மட்டும் எப்படிச் சம்பள உச்சவரம்பு வைக்கிறது என்று கேட்பீர்கள். அங்கே ஆட்டக்காரர் சங்கம் இருக்கிறது, கூட்டு ஒப்பந்தம் இருக்கிறது. தொழிலாளர் சங்கத்தோடு பேசி முடித்த விதிக்கு ஏகபோகத் தடையிலிருந்து விலக்கு உண்டு. எல்லா அணிகளின் டிவி உரிமையையும் ஒரே மூட்டையாக விற்பதற்கும் அவர்களுக்கு 1961-ல் தனிச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். அது தொழில்முறை லீக்குகளுக்கு, கல்லூரிகளுக்கு இல்லை. ஆகவே புது லீக்குக்கு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் விலக்கு தர வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டக்காரர்களோடு பேரம் பேச வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

பேரம் பேசுவதும் நினைப்பது போல் சுலபமில்லை. அரசுப் பல்கலைக்கழகம் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டத்தின் கீழ் வராது, மாநிலச் சட்டத்தின் கீழ்தான் வரும். வட கரோலைனாவிலும் தென் கரோலைனாவிலும் அரசு ஊழியரோடு கூட்டு ஒப்பந்தம் போடுவதையே சட்டம் அனுமதிப்பதில்லை. கிளெம்சன் பல்கலைக்கழகமும் சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலைனா பல்கலைக்கழகமும் அங்கேதான் இருக்கின்றன. இதைத் தாண்ட, ஃபுட்பால் அணியைப் பல்கலைக்கழகத்திலிருந்து எடுத்துத் தனியார் கம்பெனியில் வைத்து, அந்தக் கம்பெனியே முதலாளியாக வேண்டும். வைத்தவுடன் வருமான வரிச் சலுகை, காயத்துக்கு நஷ்டஈடு, விசா என்று ஒவ்வொன்றாகக் கதவைத் தட்டும். எஃப்-1 விசாவில் இருப்பவருக்கு இது சொல்லாமலே புரியும்: கேம்பஸுக்குள் வாரம் 20 மணி நேரம், வெளியே வேலை என்றால் தனி அனுமதி. பந்தை உதைக்கும் பன்ட்டர்களில் எத்தனையோ பேர் ஆஸ்திரேலியர்கள். தனியார் கம்பெனியின் சம்பளப் பட்டியலில் அவர்களை எப்படிச் சேர்ப்பது?

இரண்டாவது இடறல், புது அமைப்பின் பேச்சை யார் கேட்பார்கள் என்பது. இதற்கு ஒத்திகை இப்போதே நடக்கிறது. தங்களுக்குப் பணம் வேண்டும் என்று ஆட்டக்காரர்கள் என்சிஏஏ மேல் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்தை நீதிபதி கிளாடியா வில்கன் 2025 ஜூன் 6-ல் ஏற்றார். பழைய ஆட்டக்காரர்களுக்குப் பத்து ஆண்டில் சுமார் 280 கோடி டாலர். அந்த ஆண்டு ஜூலை முதல் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம், முதல் ஆண்டின் உச்சவரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர். பெரும்பாலான இடங்களில் அதில் முக்கால் பங்கு ஃபுட்பாலுக்குப் போகிறது. இதைக் கண்காணிக்கும் வேலை என்சிஏஏ-விடம் இல்லை. பெரிய கான்ஃபரன்ஸ்களே காலேஜ் ஸ்போர்ட்ஸ் கமிஷன் என்று புதிதாக ஒன்று வைத்திருக்கின்றன. 600 டாலருக்கு மேற்பட்ட வெளி விளம்பர ஒப்பந்தம் எதுவானாலும் அதன் தளத்தில் பதிய வேண்டும்.

ஆக, கேட்ட தனி அமைப்பு கிடைத்துவிட்டது. பிறகு நடந்தது என்ன? அதன் தீர்ப்புக்குக் கட்டுப்படுவோம், வழக்குப் போட மாட்டோம் என்று கையெழுத்துக் கேட்டபோது, கையெழுத்துப் போடாதீர்கள் என்று டெக்சாஸ் மாநில அட்டர்னி ஜெனரலே தன் பல்கலைக்கழகங்களுக்குச் சொன்னார். அதற்கு முந்தைய ஆண்டு டென்னஸீ, வர்ஜீனியா மாநிலங்கள் என்சிஏஏ மேல் வழக்குப் போட்டு, அதன் விளம்பரப் பண விதிக்குத் தடை வாங்கியிருந்தன. விதி வேண்டும், ஆனால் அது எதிரணிக்கு மட்டும் இருக்க வேண்டும்! இந்தக் குணம் மாறாதவரை தலைமையகம் என்சிஏஏ இருக்கும் இண்டியானாபொலிஸில் இருந்தால் என்ன, வேறெங்கே இருந்தால் என்ன?

பழைய காலேஜ் ஃபுட்பால் அசோசியேஷன் உடைந்த கதையும் இதேதான். 1984-ல் ஜெயித்தார்கள். 1990-ல் நோட்ர டேம் தனியாக என்பிசி டிவியோடு ஒப்பந்தம் போட்டது. 1994-ல் எஸ்இசி சிபிஎஸ்-ஸோடு போனது. 1997-ல் சங்கத்துக்கே பூட்டு. இன்று பிக் டென்னில் 18 அணி, எஸ்இசி-யில் 16. பிளேஆஃபை 12-லிருந்து எத்தனையாக உயர்த்துவது என்பதிலேயே இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஒரே லீக்காகச் சேர்ந்தால் யாருக்கு எவ்வளவு என்பதில் மட்டும் ஒத்துப்போய்விடுமா?

மூன்றாவது, பெண்கள் விளையாட்டு. 1972-ன் டைட்டில் ஒன்பது சட்டப்படி, அரசு நிதி பெறும் கல்வி நிலையம் ஆண், பெண் பேதம் காட்டக்கூடாது. ஃபுட்பாலில் 105 பேர், அதற்கு ஈடான பெண்கள் அணி கிடையாது. 'ஃபுட்பால் தனிக் கம்பெனி ஆனால் இந்தக் கணக்கும் போய்விடும்' என்று சிலர் குறுக்கு வழி சொல்கிறார்கள். பல்கலைக்கழகத்தின் பெயரும் மைதானமும் சின்னமும் அந்தக் கம்பெனியிடம் இருக்கும்போது கோர்ட் அவ்வளவு சுலபமாக விட்டுவிடாது. ஆனால் ஃபுட்பால் மட்டும் பிரிந்தால் மற்ற விளையாட்டுகளுக்கு ஒரு நன்மை உண்டு. 2024-ல் லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகங்களான யுசிஎல்ஏ-வும் யுஎஸ்சி-யும் பிக் டென்னுக்குப் போனது ஃபுட்பால் டிவி பணத்துக்காக. அதற்காக வாலிபால், சாஃப்ட்பால் பெண்கள் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நியூ ஜெர்சி வரை செவ்வாய்க்கிழமை விமானம் ஏறுகிறார்கள். ஃபுட்பால் தனியாகிவிட்டால் இவர்கள் பழையபடி பக்கத்து ஊர்களோடு ஆடலாம். பிரிவினைக்கு இருக்கும் காரணங்களில் எனக்குப் பிடித்தது இதுதான், டிவி விவாதங்களில் கடைசியாக வருவதும் இதுதான்.

சம்பந்தமில்லாமல் ஒன்று. 'ஆட்டக்காரருக்குக் கொடுக்கப் பணமில்லை' என்று கையை விரிப்பவர்கள், டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2023-ல் தன் ஃபுட்பால் கோச் ஜிம்போ ஃபிஷரை வேலையைவிட்டு அனுப்ப 7.5 கோடி டாலருக்கு மேல் தர ஒப்புக்கொண்டதைப் பற்றி ஏன் வாயே திறப்பதில்லை? 2025-ல் எல்எஸ்யு, அதாவது லூசியானா ஸ்டேட், கோச் பிரையன் கெல்லியை நீக்கியபோது ஒப்பந்தப்படி பாக்கி 5 கோடிக்கு மேல். வேலை செய்யாமல் இருக்கக் கொடுக்கும் கூலி இது. கோச் சம்பளத்துக்கு உச்சவரம்பு வைக்க யாரும் தனி அமைப்புக் கேட்கவில்லை. 'கோச்சுக்கும் சட்டம் ஒன்றுதானே, அங்கேயும் உச்சவரம்பு செல்லாதே' என்று பின்னூட்டத்தில் வருவீர்கள். தெரியும். அசிஸ்டன்ட் கோச்களுக்கு என்சிஏஏ உச்சவரம்பு வைத்து 1990-களில் கோர்ட்டில் தோற்றதும் தெரியும். எரிச்சல் எரிச்சல்தான்.

சரி, உண்மையிலேயே பிரிவார்களா, எப்போது? அறிக்கைகளை விடுங்கள், ஒப்பந்தங்கள் முடியும் தேதியைப் பாருங்கள். பிக் டென் டிவி ஒப்பந்தம் 2029-30 வரை. பிக் 12, 2030-31 வரை. பிளேஆஃப் 2031-32 வரை. மார்ச் கூடைப்பந்து 2032 வரை. எஸ்இசி 2033-34 வரை. ஏசிசி-யை விட்டு வெளியேறும் அபராதம் 2025-26-ல் 16.5 கோடி டாலர், ஆண்டுக்கு ஆண்டு குறைந்து 2030-31-ல் 7.5 கோடிக்கு வந்து நிற்கும். ஃப்ளோரிடா ஸ்டேட்டும் கிளெம்சனும் வழக்குப் போட்டு, சமரசத்தில் வாங்கிய அட்டவணை அது. எல்லா மூட்டையின் முடிச்சும் 2030-க்கும் 2034-க்கும் நடுவில் அவிழ்கிறது. அதற்கு முன் எவராவது நாளைக்கே பிரிகிறோம் என்றால் பேரத்துக்காகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் செமஸ்டர் ஃபீஸ் ரசீதையும் ஒருமுறை பாருங்கள். பிக் டென், எஸ்இசி போன்ற பெரிய இடங்களில் 'அத்லெடிக்ஸ் ஃபீ' என்ற வரி பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் சிறியது. சன் பெல்ட், மிட்-அமெரிக்கன் போன்ற சின்ன எஃப்பிஎஸ் கான்ஃபரன்ஸ் என்றால் பல இடங்களில் விளையாட்டுத் துறைச் செலவில் கணிசமான பங்கை மாணவர் கட்டணமே தாங்கும். பெரியவர்கள் பிரிந்து, கூப்பிட்டுக் கொடுக்கும் அந்த செக்கும் நின்றுபோனால், முதலில் ஏறப்போவது அந்த வரிதான்.