பக்கத்தில் இருக்கிறதா பெங்களூர் ஏர்போர்ட்?

கேள்வி: என் தம்பி துபாய்க்கு வேலைக்குப் போகிறான். விமானத்தில் ஏறுவதே இதுதான் முதல் தடவை. பக்கத்தில் இருக்கிற பெங்களூர் ஏர்போர்ட்டில்தான் ஏறுகிறான், அதில் கவலை இல்லை. பாஷை தெரியாத ஊரில் தனியாகப் போய் இறங்குவானே என்று அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. அவனுக்கு என்ன சொல்லி அனுப்பலாம்?
— ஒரு வாசகி, காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: பக்கத்தில் என்று எழுதிவிட்டீர்களே, சகோதரி! பெங்களூர் நமக்குப் பக்கம்தான். ஏர்போர்ட் பக்கம் இல்லை. 2008 மே மாதம் வரை ஊருக்குள்ளேயே இருந்த எச்.ஏ.எல். விமான நிலையத்தில்தான் ஏறினோம். அதன் பிறகு தேவனஹள்ளிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அது ஊரின் வடக்குக் கோடி, நாம் தெற்கிலிருந்து போகிறவர்கள். அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, ஹெப்பால் என்று முழு நகரத்தையும் கடந்தால்தான் அங்கே போய்ச் சேர முடியும். துபாய்க்கு ஆகாயத்தில் சுமார் 4 மணி நேரம். சாயங்கால நெரிசலில் மாட்டினால் காவேரிப்பட்டணத்திலிருந்து தேவனஹள்ளிக்கும் அதே 4 மணி நேரம் ஆகும். அம்மா கவலைப்படுவதென்றால் முதலில் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலைப் பற்றிக் கவலைப்படட்டும். தம்பியை மதியமே கிளம்பச் சொல்லுங்கள். எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஏர்போர்ட்டுக்கு வாயு வஜ்ரா பஸ் இருக்கிறது. வெளிநாட்டு விமானங்கள் எல்லாம் 2023 செப்டம்பரிலிருந்து இரண்டாவது டெர்மினலில்.

இதைச் சொல்லும்போது ரயிலைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. 1905இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குக் குறுகிய பாதையில் ரயில் வந்தது. சுதந்திரத்துக்கு முன்பே அதை மூடிவிட்டார்கள். 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமும் ஆகிவிட்டது, மாவட்டத் தலைநகருக்கு இன்றும் ரயில் கிடையாது. “இவ்வளவு பெரிய ஹைவே இருக்கும்போது ரயில் எதற்கு?” என்று இந்தப் பகுதிக்கு விடாமல் கடிதம் எழுதும் நண்பர்கள், ஒரு வெள்ளிக்கிழமை மாலை பெட்டி படுக்கையோடு அந்த ஹைவேயில் ஏர்போர்ட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். பெங்களூர் விமான நிலைய ஒப்பந்தத்திலோ 2033 வரை 150 கிலோமீட்டருக்குள் போட்டிக்கு இன்னொன்று வரக்கூடாது என்று இருக்கிறது. அதையும் மீறி ஓசூரில் வர வேண்டும். வரும்வரை எழுதிக்கொண்டேதான் இருப்பேன்.

சரி, துபாய்க்கு வருகிறேன். பாஷை ஒரு பிரச்சினையே இல்லை. டாக்சி ஓட்டுகிறவர், கடையில் நிற்கிறவர், துடைப்பம் பிடித்திருக்கிறவர் என்று யாரிடம் கேட்டாலும் இந்தியோ மலையாளமோ உருதோ வரும். பல இடங்களில் தமிழே வரும். எனக்குப் பயம் வேறு இடத்தில்.

நம் பெங்களூரா மாங்காயைக் கூழாக்கி டிரம்மில் அடைத்து வளைகுடாவுக்கு அனுப்புகிறோம் அல்லவா? எந்தத் தொழிற்சாலை, எந்தத் தேதி, வாங்குகிறவர் யார், எந்தத் துறைமுகம், எல்லாம் தாளில் இருக்கும். ஒரு தாள் குறைந்தாலும் அந்த டிரம் கப்பல் ஏறாது. பெற்ற பிள்ளையை மட்டும், “அங்கே போனதும் எல்லாம் சொல்வாங்க” என்கிற ஏஜென்ட்டின் ஒரு வார்த்தையை நம்பி ஏற்றி அனுப்புகிறோம். எனக்கு இதை நினைத்தால் வயிறு எரிகிறது. மாங்கூழுக்கு இருக்கிற பாதுகாப்பு மனுஷனுக்கு வேண்டாமா?

தம்பியின் விசாவை இன்றைக்கே வாங்கிப் பாருங்கள். அது வேலை விசாவா, சுற்றுலா விசாவா? சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் பயணத்தை நிறுத்துங்கள். அந்த விசாவில் வேலை செய்வது அந்த நாட்டுச் சட்டப்படி குற்றம். மாட்டுவது தம்பிதான், ஏஜென்ட் அல்ல. பத்தாம் வகுப்பு முடிக்காதவர் என்றால் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று இருக்கும், வேலைக்கு வெளிநாடு போக அரசு அனுமதி வேண்டும் என்று அர்த்தம். அப்படியிருந்தால் மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அனுமதி வாங்காமல் பெங்களூரிலேயே தாண்ட விடமாட்டார்கள். அந்த அனுமதியோடு சேர்ந்து வருகிற காப்பீடு 10 லட்ச ரூபாய்க்கு, இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய்தான். ஏஜென்ட் கட்டணம் ஜி.எஸ்.டி. போக 30,000 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்பது நம் நாட்டு விதி. லட்சக்கணக்கில் கேட்கிறவரிடம் ரசீது கேளுங்கள், முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

இறங்கியதும் கூட்டம் போகிற பக்கமே போனால் போதும், பாஸ்போர்ட் வரிசை வந்துவிடும். வெள்ளை அங்கி அணிந்த அதிகாரி கேமராவைப் பார்க்கச் சொல்வார். தொப்பி, கண்ணாடி இருந்தால் கழற்ற வேண்டும். எங்கே வேலை என்று கேட்டால் கம்பெனி பெயர் உடனே வாயில் வர வேண்டும். பெயர், முகவரி, அழைத்துப்போக வருகிறவரின் போன் நம்பர், மூன்றையும் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். செல்போனில் மட்டும் இருந்தால் சார்ஜ் தீர்ந்ததும் போயிற்று. எந்த டெர்மினலில் இறங்குகிறான் என்பதையும் கம்பெனிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். துபாயில் இரண்டாவது டெர்மினல் ஓடுதளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. தம்பி ஒரு டெர்மினலிலும் கூட்டிப்போக வந்தவர் இன்னொன்றிலும் நின்றால் ராத்திரி முழுக்க இரண்டு பேரும் தேடுவார்கள். அப்புறம், வேலையில் சேர்ந்ததும் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ள முதலாளிக்கு அங்கே சட்டப்படி உரிமை இல்லை. சிக்கல் என்றால் 800 46342 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம், இந்தியர்களுக்கென்றே இருக்கிற உதவி மையம்.

அம்மாவுக்கும் இரண்டு விஷயம். பையில் குருமா மசாலா அரைத்து வைப்பதென்றால் கசகசா சேர்க்கவே கூடாது. அங்கே அது போதைப்பொருள் கணக்கு, ஜெயில் வரைக்கும் போகும். வெற்றிலையும் வேண்டாம். இரண்டாவது, அந்த நாட்டில் வாட்ஸ்அப்பில் பேச முடியாது, அழைப்பைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். மகன் கூப்பிடவில்லையே என்று அவர் பதறக்கூடாது. குரலைப் பதிவு செய்து அனுப்பினால் வரும். ஏர்போர்ட்டில் வைஃபை இலவசம், இறங்கியதும் “வந்துட்டேன்மா” என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் போடச் சொல்லுங்கள். நம்மைவிட அங்கே ஒன்றரை மணி நேரம் பின்னால் என்பதையும் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.