1845 என்று போட்டுக்கொள்ளலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜெர்மனியின் லாங்கே உண்ட் ஸோனே கைக்கடிகாரங்களைப் புகழ்ந்து எழுதியிருந்தீர்கள். 1948இல் அரசு எடுத்துக்கொண்ட கம்பெனி அது, மறுபடி தொடங்கியது 1990இல். நடுவில் நாற்பது வருடம் இல்லாத ஒன்று ‘1845 முதல்’ என்று பாரம்பரியம் பேசுவது, விலையை ஏற்றச் சொல்லும் கதைதானே?

முரளி

அன்புள்ள முரளி,

கணக்கு சரி. ஆனால் நீங்கள் பார்ப்பது கம்பெனியின் பதிவேட்டை, நான் பார்ப்பது கிளாஸ்ஹூட்டே என்ற ஊரை.

கிழக்கு ஜெர்மனியில் ட்ரெஸ்டன் நகருக்குத் தெற்கே மலைக்குள் இருக்கும் சின்ன ஊர். வெள்ளிச் சுரங்கம் ஓய்ந்து ஜனங்கள் பிழைப்புக்குத் திண்டாடிய காலத்தில் ஃபெர்டினாண்ட் அடோல்ஃப் லாங்கே சாக்சனி அரசிடம் 7,820 தாலர் கடன் வாங்கி, அங்கே போய் 15 பையன்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். தேறியவர்களைத் தனிப் பட்டறை போட வைத்தார். ஊரே கடிகார ஊரானது அப்படித்தான்.

1945 மே 8, போரின் கடைசி நாள், பட்டறைமேல் குண்டு விழுந்தது. ஊர் கம்யூனிஸ்ட் ஆட்சிக்குள் போனது, அப்புறம் நாட்டுடைமை. கொள்ளுப்பேரன் வால்டர் லாங்கே ஜெர்மனியின் மேற்குப் பகுதிக்குத் தப்பிப் போனார். 1951இல் ஊரின் கடிகாரக் கம்பெனிகளை ஒரே அரசுத் தொழிற்சாலையாக்கினார்கள். தொழில் நிற்கவில்லை என்பதுதான் முக்கியம். இரண்டு ஜெர்மனிகளும் இணைந்தபின் 1990 டிசம்பர் 7, கொள்ளுத்தாத்தா தொடங்கிய அதே தேதியில், 66 வயதில் வால்டர் கம்பெனியை மறுபடி பதிவுசெய்தபோது அவர் கையில் பெயர் மட்டுமே இருந்தது. பணம் மேற்கிலிருந்து வந்தது, வேலை தெரிந்த கைகளோ அந்த அரசுத் தொழிற்சாலையில் பழகியவை.

நான்கே வருடத்தில், 1994 அக்டோபரில், நான்கு மாடல் கடிகாரங்களை ட்ரெஸ்டனில் வெளியிட்டார்கள். அதில் ஒன்று ‘டூர்பியோன் பூர் லெ மெரிட்’, மொத்தமே சுமார் 200தான் செய்தார்கள். சாவி கொடுத்த புதிதில் சுருள்வில் பலமாக இழுக்கும், போகப் போகத் தளரும், நேரம் பிசகும். அதற்குப் பழைய வைத்தியம், ஒரு கூம்பில் சங்கிலியைச் சுற்றி வைப்பது. வில் முறுக்காக இருக்கையில் சங்கிலி கூம்பின் ஒடுங்கிய பக்கத்தை இழுக்கும், தளரத் தளர அகன்ற பக்கத்துக்கு வரும், விசை சீராகிவிடும். அந்த மாடலில் இதை மணிக்கட்டில் கட்டும் அளவுக்குச் சுருக்கினார்கள். சைக்கிள் செயின் மாதிரியே கண்ணியும் ஆணியுமாகக் கோத்தது, 600 துண்டுகளுக்கு மேல், மொத்தப் பருமனோ தடித்த தையல் நூல் அளவுதான். வெறும் பெயரை வைத்துக்கொண்டு யாராலும் இதைச் செய்துவிட முடியாது.

உள்ளே இருக்கும் தகடு ஜெர்மன் சில்வர். நம் பாத்திரக் கடைகளில் கேட்டிருப்பீர்கள், பேரில்தான் வெள்ளி, உள்ளே செம்பும் துத்தநாகமும் நிக்கலும். பூச்சு இல்லாமல் அப்படியே விடுவதால் விரல் பட்டாலே கறை பிடிக்கும், லேசாக உரசினாலே கீறல் விழும். அதனால் ஒருமுறை பூட்டி ஓடவிட்டுப் பார்த்து, முழுக்கக் கழற்றி மெருகேற்றி, மறுபடி பூட்டுகிறார்கள்.

ஒரு விஷயத்தில் நான் உங்கள் பக்கம். 1845 என்று போடுகிறவர்கள் அந்த அரசுத் தொழிற்சாலையில் உழைத்தவர்களையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். அவர்களைத் தாண்டிக் குதித்துக் கொள்ளுத்தாத்தாவிடம் போவது எனக்கும் உறுத்துகிறது.

எங்காவது ஒரு லாங்கே கண்ணில் பட்டால் பின்பக்கம் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். அசையும் சக்கரத்தின் மேலே ஒரு சின்னப் பாலம் இருக்கும், அதில் பூ வேலை. உளி பிடித்துக் கையால் செதுக்குவதால் இரண்டு கடிகாரத்தில் பூ ஒன்றுபோல இருக்காது; இது யார் கைவேலை என்று அங்கே கூட வேலை செய்கிறவர்கள் பார்த்ததும் சொல்லிவிடுவார்கள்.